எச்சில் பட்ட முன்சக்கரம்

எனக்கு அருவருப்பு அதிகம். சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவுகிறவர்களைக் கண்டால் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவேன். டீக்கடை கிளாஸை நானே வெந்நீரில் ஒரு தடவை அலசிக்கொள்வேன். கடைக்காரர் முறைப்பார், நானும் முறைப்பேன். இப்படிப்பட்டவனின் தலையெழுத்து, கம்பத்தில் ஒரு பழைய ஜீப்பை வைத்துப் பிழைக்கும்படி ஆயிற்று. பழைய ஜீப்பைப் போல அழுக்கைச் சுரக்கிற சாமான் உலகத்தில் வேறு கிடையாது. நிறுத்தி வைத்தால் ஆயில் ஒழுகும், ஓட்டினால் டீசல் நாறும், அடியில் போய்ப் படுத்தால் கண்ணில் மண் கொட்டும். என் வீட்டுக்காரி சொல்வாள், இவருக்குப் பூக்கடை வைத்துக் கொடுத்திருக்க வேண்டும் என்று. பூக்கடையிலும் வாடின பூவை யார் கையால் அள்ளுவது?

அந்த ஜீப்பில் எங்கள் தெருப் பெண்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு, லோயர் கேம்ப் தாண்டி, குமுளி மலை ஏறி, அந்தப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க இறக்கிவிடுவேன். பொழுது சாயத் திரும்பக் கூட்டி வருவேன். எத்தனை பேர் ஏறுவார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். சட்டம் சொல்கிற கணக்கு ஒன்று, பின்னால் மடியில் மடி வைத்து உட்கார்ந்திருக்கிற கணக்கு வேறு. தூக்குவாளியும் மழைக்குப் போர்த்துகிற படுதாவும் நனைந்த செருப்புமாக வண்டிக்குள் ஒரு வாடை அடிக்கும். கண்ணாடியை இறக்கலாம் என்றால், ஜீப்பில் கண்ணாடி எங்கே இருக்கிறது?

முன்சீட்டில் எனக்கு இடப்பக்கம் உட்காருவது ஒரு மதினி. சொந்தம் என்று ஒன்றும் இல்லை. தெருவில் எல்லாருக்கும் அவள் மதினி, நான் அவளுக்குக் கொழுந்தனார். பெண்களில் மூத்தவள், அவள் சொல்லுக்கு மற்றவர்கள் கட்டுப்படுவார்கள், அதனால் அந்த சீட்டு அவளுக்கு. வாயில் எப்போதும் வெற்றிலை. பேச்சுக்கு நடுவே தலையை மட்டும் வெளியே நீட்டி, பீய்ச்சி அடித்தாற்போல ஒரு துப்பு. என் வண்டியின் இடப்பக்கத் தகரம் முழுக்கச் சிவப்புச் சாரை. நான் ஒவ்வொரு சாயங்காலமும் மூக்கைச் சுளித்துக்கொண்டு குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவுவேன். மறுநாள் காலையில் அவள் மறுபடி வரைந்துவிடுவாள். வைதிருக்கிறேன், கெஞ்சியிருக்கிறேன், துப்பிக்கொள்ள ஒரு டப்பா கூட வாங்கிக் கொடுத்தேன். அதில் சுண்ணாம்பு வைத்துக்கொண்டாள்.

காய் எடுப்பு மும்முரமாக இருந்த சமயம். மலையில் ஒரு வளைவு திரும்பும்போது மதினி காலைத் தூக்கிக்கொண்டு, “எங்காலுக்கடியில என்னமோ உறுமுது கொழுந்தனாரே” என்றாள். உன் வெற்றிலைச் சாறு உள்ளே இறங்கி ஊறியிருக்கும் என்றேன். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் எனக்கும் கேட்டது. வலப்பக்கம் வளைத்தால் உறுமல், நேராக ஓட்டினால் இல்லை. இடது முன்சக்கரத்தின் பேரிங்.

ஜீப் ஓட்டாதவர்களுக்குச் சொல்கிறேன். சக்கரம் நேராக அச்சில் உட்கார்ந்து சுற்றுவதில்லை. சக்கரத்தின் நடுவே ஹப் என்று ஒரு குடம். அதற்குள் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு பேரிங். சின்னச் சின்ன உருளைகளை வட்டமாக அடுக்கிக் கட்டிய வளையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உருளைகள் கிரீஸில் மிதந்து ஓடுவதால்தான் மேலே இருக்கிற பாரம் எல்லாம் ஓடுகிறது. வெளியே ஒரு நட்டு, இரண்டையும் அதனதன் இடத்தில் பிடித்திருக்கும். அது போனால் சக்கரம் போயிற்று. மலைப்பாதையில் முன்சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை.

என் கூடப் படித்த ஒருவன் கம்பத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அன்று சாயங்காலமே அவனிடம் கொண்டுபோய் விட்டேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். கொஞ்சம் ஆடியது. அவ்வளவுதான், முடிவுக்கு வந்துவிட்டான். ஹப்பைக் கழற்றவில்லை. நட்டைத் திருகுவதற்கென்று ஒரு பாக்ஸ் ஸ்பேனர் உண்டு, அதையும் எடுக்கவில்லை. உளியை நட்டின் முனையில் கொடுத்து, சுத்தியலால் அடித்து அடித்து இறுக்கினான். “மாப்ளே, மலை ஏறுற வண்டிக்கு ஆட்டமே ஆகாது. நல்லா இறுக்கிப்புட்டம்னா அது பாட்டுக்கு நிக்கும்” என்றான். பிறகு அதே கையால் பொட்டலத்தைப் பிரித்து ஒரு போண்டாவை எடுத்துப் பிட்டு, பாதியை எனக்கு நீட்டினான். போண்டாவில் அவன் கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்திருந்தது. பசி இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் பள்ளத்தாக்கு முழுக்க இதே புத்திதான். வாழைத்தார் லோடா, கயிற்றை இறுக்கு. ஓடைப்பட்டித் திராட்சைப் பந்தல் தொய்கிறதா, கம்பியை முறுக்கு. ஏலக்காய் மூட்டையா, முழங்காலை வைத்து அமுக்கிக் கட்டு. தளர்ந்தால் சரியும், இறுகினால் நிற்கும் என்பது இங்கே தாய்ப்பாலோடு வருகிற சங்கதி. அதையே கொண்டுபோய்ச் சக்கரத்துக்கும் செய்வார்கள். சுற்றுகிற பொருளுக்கும் கட்டி வைக்கிற பொருளுக்கும் வித்தியாசம் இருக்கிறதா இல்லையா? இதைக் கேட்டால் பெரிய இவன் என்பார்கள்.

மறுநாள் உறுமல் இல்லை. மதினிகூட, பரவாயில்லையே என்றாள். பாதி மலை ஏறியதும் ஒரு வாடை வந்தது. பாலைத் தீய விட்ட சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றினாற்போல ஒரு வாடை. வழியில் நிறுத்த இடமில்லாமல் குமுளி ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். இடது முன்சக்கரத்தின் நடுவிலிருந்து புகை மெல்ல எழும்பியது.

இனிதான் அசிங்கம். எங்கள் மலை டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஹப் சூடா என்று பார்க்கக் கையை வைக்க மாட்டார்கள், துப்புவார்கள். எச்சில் வழிந்தால் நல்லது, சுரீர் என்றால் கெட்டது. ஸ்டாண்டில் நின்றவர்கள் என் சக்கரத்தைச் சுற்றி வந்தார்கள். முதலில் பீடி குடித்துக்கொண்டிருந்த ஒருவர் துப்பினார். சுரீர். அதை நம்பாமல் இன்னொருவர் துப்பினார். சுரீர். மூன்றாவது ஆள் தொண்டையிலிருந்து காறியே துப்பினார். அது கொதித்துக் குமிழியிட்டு ஓரத்தில் பழுப்பாகக் காய்ந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். அந்தப் பக்கத்து மலையாளத்து டிரைவர் ஒருவர்தான் துப்பாமல் குனிந்து பார்த்து, இறுக்கம் கூடிப்போய்விட்டது, ஒரு பொடிக்கு விட்டுக் கொடுக்க வேண்டும் என்று சொன்னார். மற்றவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். சக்கரத்தைத் தளர்த்தச் சொல்கிறானே, இவன் ஒரு டிரைவரா என்று கேட்டார்கள்.

நேரமானால் தோட்டத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் வண்டிப் பெண்கள் இறங்கி, ஏற்கெனவே நிறைந்திருந்த வேறு ஜீப்புகளில் திணித்துக்கொண்டு ஏறினார்கள். மதினிக்கு உள்ளே இடமில்லை. பின்படியில் ஒரு கால், கம்பியில் ஒரு கை, இன்னொரு கால் காற்றில். அப்படியே வண்டி வளைவில் சாய்ந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வண்டியும் என் சிநேகிதன் இறுக்கிக் கொடுத்ததுதான். மூன்று பேர் எச்சிலைப் பார்த்தபோது வந்ததைவிட அப்போதுதான் எனக்கு அதிகமாகக் குமட்டியது. பெண்களை ஏற்றுகிற வண்டிக்கு நாங்கள் பார்க்கிற வைத்தியம் இவ்வளவுதானா என்று வெறுத்துப்போயிற்று.

சூடு ஆறியபின் உளி ஒன்றை இரவல் வாங்கி, நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, காலி வண்டியை ஊர்ந்து ஊர்ந்து கீழே கொண்டுவந்தேன். இனி எவன் கையிலும் கொடுப்பதில்லை, நானே பிரித்துப் பூட்டுவது என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரி கேட்டுவிட்டு, நீங்களா, கிரீஸையா, என்று சிரித்தாள். அவள் சிரித்ததில் நியாயம் இருந்தது. அதுவரை வண்டியில் கிரீஸ் படுகிற எந்த வேலைக்கும் நான் கையில் பாலிதீன் பை மாட்டாமல் போனதில்லை.

வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சிநேகிதனிடமே இரவல் வாங்கிய கட்டையை வைத்து நிறுத்தினேன். சக்கரத்தைக் கழற்றி, மூடியைக் கழற்றி, நட்டைத் திருகி எடுத்து, ஹப்பை உருவினேன். உள்ளே இருந்ததை என்னவென்று சொல்வது? கிரீஸ் என்று சொல்ல வாய் வரவில்லை. ஓரத்தில் கருகிப் பக்கு கட்டியது, நடுவில் பச்சை, அடியில் பழைய மஞ்சள். ஒன்றை வழிக்காமலே அதன்மேல் இன்னொன்றை அப்பி அப்பி வந்திருக்கிறார்கள். அதில் மணல், வைக்கோல் துணுக்கு, யாரோ ஒருவருடைய நரைமுடி. வெளிப் பேரிங்கின் உருளைகள் சூட்டில் நீலம் பாரித்துப் போயிருந்தன. உட்பேரிங்கின் கூடு ஒரு பக்கம் விண்டு, உருளை ஒன்று சாய்ந்து நின்றது. இன்னும் ஒரு தடவை மலை ஏறியிருந்தால் அது வெளியே வந்திருக்கும்.

துடைத்துப் பார்த்தபோது அதைவிடப் பெரிய கேவலம் தெரிந்தது. ஹப்பின் உட்சுவரில் பேரிங் அசையாமல் கவ்வி உட்கார வேண்டும். அந்தச் சுவர் தேய்ந்து எப்போதோ லொடலொடவென்று ஆகியிருக்கிறது. ஹப்பை மாற்றாமல், சுவர் பூராவும் பஞ்ச் என்கிற கூர் இரும்பால் குத்திக் குத்திப் பொரிபொரியாக எழுப்பியிருக்கிறார்கள். அதுவும் போதாமல் பீர் டின்னை வெட்டி ஒரு பட்டையாகச் செருகியிருக்கிறார்கள். டின்னில் இருந்த எழுத்துகூட அழியவில்லை. இத்தனை காலம் எங்கள் தெருப் பெண்கள் ஒரு குடிகாரன் வீசிய தகரத்தின் மேல்தான் மலை ஏறி இறங்கியிருக்கிறார்கள். த்தூ என்று எனக்கே வாய்க்கு வந்தது. துப்பவில்லை.

அந்தப் பட்டையை எடுத்துக்கொண்டு நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். நீ செய்ததா என்று கேட்டேன். கூச்சமே இல்லாமல் வாங்கித் திருப்பிப் பார்த்து, தான் செய்ததுதான் என்றான். எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இம்புட்டு நாள் ஓடுச்சா இல்லையா?” என்றான். ஓடியதுதான். எங்கே போய் முட்டிக்கொள்வது?

புது பேரிங்குகளும், கிரீஸ் கசியாமல் தடுக்கிற ஆயில் சீலும் தேனியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைத்தன. ஹப் கிடைக்கவில்லை. கடைக்காரர் ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பின்னால் இதே மாதிரி ஜீப் ஒன்று செத்துக் கிடப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். அது ஜீப் அல்ல, கோழிக்கூண்டு. ஸ்டியரிங்கில் சேவல், சீட்டில் முட்டை, எல்லாவற்றின் மேலும் வெள்ளையும் கறுப்புமாக எச்சம். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய், வெளியே வந்து மூச்சு விட்டு, மறுபடி உள்ளே போய், அப்படியே ஹப்பைக் கழற்றி எடுத்தேன். வீட்டுக்கார அம்மா ஏதோ நோயாளியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆனால் ஹப்பின் உட்சுவர் வழவழவென்று இருந்தது. ஒரு பஞ்ச் குத்துகூட இல்லை.

எப்படிப் பூட்டுவது என்பதைக் கைப்பேசியில் ஒரு வீடியோவில் பார்த்துக்கொண்டேன். ஒரு வெள்ளைக்காரர் பளிங்குபோன்ற தரையில் நின்று வெண்ணெய் தடவுவதுபோலச் செய்து காட்டினார். மலையாளத்து டிரைவர் சொன்னதையேதான் அவரும் சொன்னார். எல்லாம் சரி, கிரீஸ் வைக்கிற இடத்தில்தான் அகப்பட்டுக்கொண்டேன். பேரிங்கின் மேலே பூசினால் போதாது. உருளைகளுக்கு இடையில் போக வேண்டும். உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதன்மேல் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். மறுபக்கம் புழுப்போல நெளிந்து வெளியே வரும்வரை இழுக்க வேண்டும்.

பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு முயன்றேன். பை சுருண்டு உருளைக்குள் மாட்டிக் கிழிந்தது. துணுக்கைத் தேடி எடுப்பதற்குள் உயிர் போயிற்று. இன்னொரு பை, அதுவும் கிழிந்தது. வீட்டுக்காரி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவள், சப்பாத்தி மாவைப் பை மாட்டிக்கொண்டா பிசைகிறோம் என்றாள். பையை உருவிப் போட்டேன். கையை டப்பாவுக்குள் விட்டேன். குளிர்ச்சி, வழவழப்பு, நகக்கண்ணுக்குள் ஏறுகிற அந்த நெய்ப்பு, எல்லாம் சேர்ந்து முதுகுத்தண்டு வரை சிலிர்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். படியில் தொங்கிப் போன மதினியின் கால் நினைவுக்கு வந்தது. பிறகு கண்ணைத் திறந்து, ஒவ்வொரு உருளையாகப் பார்த்துப் பார்த்து நிரப்பினேன்.

கடைசி வேலை நட்டை அமர்த்துவது. ஸ்பேனரும் இரவல்தான், ஆனால் அதற்கென்றே உள்ளது. சக்கரத்தை மாட்டி, வீட்டுக்காரியைச் சுற்றிவிடச் சொன்னேன். அவள் சுற்றச் சுற்ற நான் இறுக்கினேன். சக்கரம் கனத்து, தயங்கி, நின்றது. உருளைகள் எல்லாம் இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டன என்று அர்த்தம். இப்போது நட்டைக் கொஞ்சம் திருப்பி விட வேண்டும். கை வரவில்லை. என் கையும் இந்த ஊர்க் கைதானே. இறுக்கிய ஒன்றை மனசறிந்து தளர்த்துவதற்கு ஒரு துணிச்சல் வேண்டியிருந்தது. மெதுவாக விட்டேன். அவள் சுற்றிவிட்ட சக்கரம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். ஆட்டம் இல்லை. வாஷரைப் போட்டு, அதன்மேல் இன்னொரு நட்டைப் பூட்டி, அது நகராதபடி வாஷரின் ஓரத்தை மடக்கினேன்.

அந்த நேரம் பார்த்து என் சிநேகிதன் வந்தான். இரவல் கொடுத்த கட்டையை வாங்க வந்தானாம். சக்கரத்தை ஒரு விரலால் சுண்டினான். அது சுற்றியது. முகம் மாறிவிட்டது. சந்து வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களுக்கும் கேட்கும்படியே சொன்னான்: “ஏலே, தளத்தியில்ல விட்டுருக்க. பொம்பளைகள ஏத்திட்டுப் போற வண்டிடா இது.” நான் விளக்கினேன். விளக்க விளக்க அவன் அந்தப் பெண்களைத்தான் பார்த்தான். குடங்கள் நிரம்பி வழிந்தும் ஒருத்தியும் நகரவில்லை.

மறுநாள் விடியற்காலையில் எல்லாரும் வந்தார்கள், ஒருவரும் ஏறவில்லை. தூக்குவாளியோடு வண்டியைச் சுற்றி நின்று சக்கரத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி காலால் உதைத்துப் பார்த்தாள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அவன் சொன்னது சரியாக இருந்துவிட்டால்? வீடியோக்காரன் மலை ஏறியிருக்கிறானா, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றியிருக்கிறானா?

மதினி வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். சக்கரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கையைக் காட்டச் சொன்னாள். நீட்டினேன். சோப்பு, சீயக்காய், சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, “வெறுங்கையால செஞ்சிருக்காக. ஏறுங்கடி” என்றாள். தானே முதலில் முன்சீட்டில், அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

மலை ஏறும்போது எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சக்கரத்துப் பக்கமே காதை வைத்திருந்தார்கள். மதினிகூட வழியில் துப்பவில்லை. நான் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி வாடை பார்த்துக்கொண்டே ஓட்டினேன். டீசல் வாடையும், நனைந்த செருப்பு வாடையும், வெற்றிலை வாடையும்தான் வந்தன. அவை எப்போதும் வருகிறவை. குமுளி ஸ்டாண்டில் நிறுத்தினேன். பழைய ஆட்கள் அங்கேயே நின்றார்கள். என் சிநேகிதன் சொன்ன செய்தி எனக்கு முன்னாலேயே மலை ஏறிவிட்டது போலிருக்கிறது, எல்லாரும் சக்கரத்துப் பக்கமாக வந்தார்கள்.

யாரும் என் சக்கரத்தில் துப்பக் கூடாது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவர்களைத் தடுத்தேன். குனிந்தேன். வாயில் எச்சில் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து தெருவில் துப்பியறியாதவனுக்குத் துப்ப வேண்டிய அன்றைக்குப் பார்த்து வாய் காய்ந்துபோயிற்று. இரண்டு தடவை முயன்றேன், வெறும் காற்றுதான் வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

மதினி என்னைத் தோளால் இடித்து ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். மலை முழுக்க வாயில் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் குறி பார்த்து ஹப்பின் நடுவில் துப்பினாள். சுரீர் என்று சத்தம் வரவில்லை. குமிழி வரவில்லை. சிவப்புச் சாறு அப்படியே மெதுவாக வழிந்து, நட்டு நட்டாக இறங்கி, டயரில் சொட்டியது. கூட்டம் கலைந்தது.

எனக்கு அது போதவில்லை. கையால் தொட்டுப் பார்க்காமல் நம்ப முடியவில்லை. அந்த ஈரத்தின் மேலேயே உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். காய்ச்சல் இறங்கிய குழந்தையின் நெற்றிபோல வெதுவெதுவென்று இருந்தது, அவ்வளவுதான் சூடு. கையை எடுக்கத் தோன்றாமல் அப்படியே குந்தியிருந்தேன். விரலிடுக்கில் சாறு இறங்கியது.

“சீ, எச்சியில போயிக் கைய வைக்கிறாகளே” என்று மதினி முகத்தைச் சுளித்தாள்.